குண்டலுபேட்டைச் சாலையில் ஒரு படைவீரரின் கல்விக் கணக்கு

நாகப்பட்டினத்தில் புறப்பட்டு, தஞ்சை, திருச்சி, கரூர், கோவை, உதகை வழியாக ஏறி இறங்கி வந்த பழைய 67-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவடைந்த இடம் குண்டலுபேட்டை. எண்கள் மாற்றப்பட்ட பின்னர் உதகை வழி 181 ஆயிற்று. கோழிக்கோட்டுக்குச் செல்லும் வழி 766 ஆயிற்று. எண் எதுவாயினும், தமிழ்நாட்டுச் சாலையும் கேரளச் சாலையும் வந்து கூடி மைசூருவை நோக்கி ஒன்றாகத் திரும்பும் ஊர் இது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. மைசூருவுக்கும் இவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

ஊரைத் தாண்டினால் பந்திப்பூர்க் காடு. 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அக்காட்டுச் சாலைகளில் பொது வாகனங்கள் செல்லத் தடை உள்ளது. ஆம்புலன்சுக்கும் வரையறுக்கப்பட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. எனவே நேரம் தவறிய சரக்கு வாகனம் பொழுது விடியும் வரை காத்திருக்க வேண்டும். காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டால் உதவி கிடைப்பது அரிது என்பதால், காட்டுக்குமுன் வண்டியைச் சரிபார்த்துக்கொள்வது இச்சாலையில் ஓடுவோரின் பழக்கம்.

இதே சாலைக்கு இன்னொரு முகமும் உண்டு. மைசூருவிலிருந்து குண்டலுபேட்டை, கூடலூர், உதகை வழியாகச் சென்றால் குன்னூரை அடுத்த வெலிங்டனை அடையலாம். 1758-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் அங்கே உள்ளது. முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும் அங்கேதான். படைவீரர் பயிலும் இடமும் அதிகாரி பயிலும் இடமும் ஒரே மலையூரில் அடுத்தடுத்து இருப்பதைக் காணும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. முதல் வாயிலில் நுழைந்த ஒருவர் இரண்டாவது வாயிலை அடைய முடியுமா? குறிப்பாக, வாகனத்தின் அடியில் படுத்து வேலை கற்ற ஒருவர், தாம் கற்ற தொழிலைக் கைவிடாமலேயே தோளில் நட்சத்திரம் அணிய வழி இருக்கிறதா?

நம் வங்கியின் வாடிக்கையாளர்களில் படைவீரர் குடும்பங்களும் முன்னாள் படைவீரர் குடும்பங்களும் கணிசமாக இருப்பதால், இக்கேள்விக்கு விரிவாக விடை தேடுவது பொருத்தம் என்று கருதுகிறோம்.

இயந்திரம் தெரிந்த படை

இராணுவ வாகனங்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே இந்தியத் தரைப்படையில் ஒரு தனிப் பிரிவு உள்ளது. மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் படை என்பது அதன் பெயர்; சுருக்கமாக இ.எம்.இ. என்பர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, குதிரைகளின் இடத்தில் லாரிகளும் டாங்கிகளும் வந்து நிறைந்த காலத்தில் தோன்றிய படை அது. 1943 அக்டோபர் 15-ஐ அது தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ‘கர்ம ஹி தர்ம’ என்பது அதன் குறிக்கோள் வாசகம்.

இம்மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதை மைசூரு வாசகர்கள் எளிதில் உணர்வார்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைக் கைப்பற்றிய தாக்குதலில் ஜோத்பூர் குதிரைப்படையுடன் பாய்ந்து சென்றது மைசூரு சமஸ்தானத்தின் குதிரைப்படை. அன்று படைக்கு இன்றியமையாத கைத்தொழிலாளர் குதிரைக்கு இலாடம் அடிப்பவர். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அவ்விடத்தை மெக்கானிக் பிடித்துக்கொண்டார்.

இ.எம்.இ. பிரிவில் சிப்பாய்க்கு இணையான நிலையில் இருப்பவரைக் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்று அழைக்கின்றனர். கைவினைஞர் என்று பொருள். படைவீரருக்கு இவ்வளவு அமைதியான பெயர் வேறெங்கும் இல்லை என்றே தோன்றுகிறது. செகந்திராபாத்திலும் போபாலிலும் உள்ள மையங்களில் இவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வதோதராவில் இப்படையின் தொழிற்பள்ளி உள்ளது. அப்பள்ளி வளாகத்தில் 1960-களில் படையினரே எழுப்பிய தட்சிணாமூர்த்தி கோயில் ஒன்று இருக்கிறது. கருங்கல் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் வியப்படைவார். அலுமினியத் தகடு போர்த்திய முக்கோணங்களால் ஆன பெருங்கவிகை அது. அதை எழுப்பிய காலத்தில் அங்கே தலைமை வகித்த பிரிகேடியர் யூஜின் கிறித்துவ சமயத்தவர். தென்திசை நோக்கி அமர்ந்து மௌனமாகக் கற்பிக்கும் ஆசிரியரை இயந்திரம் கற்கும் பள்ளிக்குத் தெய்வமாகத் தேர்ந்தெடுத்தவர்களின் நுண்ணுணர்வைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இங்கே கற்கும் தொழில் எளிமையானது அன்று. ஜபல்பூரில் உருவான சக்திமான் லாரி ஒரு தலைமுறை வீரர்களுக்குப் பாடநூலாக இருந்தது. பின்னர் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. மாருதி ஜிப்ஸி வந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளின் பராமரிப்பும் இப்படையின் பொறுப்பே. வண்டி ஒன்றேயாயினும், அது ஓடும் இடம் மாறும்போது பாடமும் மாறுகிறது. கடல்மட்டத்தில் சீராக ஓடும் என்ஜின் மலையேறும்போது மூச்சுத் திணறுகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது. லடாக்கின் குளிரில் சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் உறைநிலைக்குக் கீழே 33 பாகை வரை பாயக்கூடிய குளிர்காலத் டீசலை அறிமுகப்படுத்தும்வரை, மண்ணெண்ணெய் கலந்து சமாளிப்பதே அங்கே வழக்கமாக இருந்தது.

இவ்வறிவின் மதிப்பைக் குண்டலுபேட்டையிலிருந்தே அளந்து பார்க்கலாம். பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி வழியாக உதகைக்குச் செல்லும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த விபத்துகள் காரணமாக, அப்பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஏன் பிரேக் தவறுகிறது? 10 டன் எடையுள்ள ஒரு லாரி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, ஏறத்தாழ 27 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலை எங்கேனும் கழித்தாக வேண்டும். நடுத்தரக் குடும்பம் ஒன்று சில நாள்களுக்குப் பயன்படுத்தும் மின்சாரம் அது. ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால் அவ்வளவும் வெப்பமாகி பிரேக் டிரம்களில் இறங்கும். லைனிங் சூடேறினால் உராய்வுத்தன்மை குறையும், மிதித்தாலும் பிடிக்காது. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ வண்டியை நிறுத்தி, என்ஜினே வேகத்தைத் தடுக்கும்படி இறங்குவதுதான் வழி. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதன் உட்பொருள் இதுவே. மலைப்பகுதிகளில் படை வாகனம் ஓட்டியவருக்கும் பழுதுபார்த்தவருக்கும் இது இரத்தத்தில் ஊறிய பாடம்.

கையில் தொழில், தாளில் என்ன?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. படைவீரரின் இடர்ப்பாடு இதற்கு நேர்மாறானது. அவரிடம் கறிக்கு உதவும் சுரைக்காய் இருக்கிறது; ஏடுதான் இல்லை. பதினைந்து, பதினேழு ஆண்டுகள் டாங்கி என்ஜினைக் கழற்றி மாட்டியவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் வெளியே வருகிறார். பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் பட்டயச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறது. கடன் கேட்டு வரும்போது, மன்னிக்கவும், நாமும் அதைத்தான் கேட்கிறோம்.

இந்த ஏட்டைப் பணியில் இருக்கும்போதே பெற்றுவிட வேண்டும் என்பது இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது. வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு வயது எழுதப்பட்டிருக்கிறது.

அணிகளிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மரபு இந்தியத் தரைப்படைக்குப் புதிதன்று. 1929-இல் நௌகாங்கில் தொடங்கப்பட்ட கிச்சனர் கல்லூரி, படைவீரர்களை அதிகாரிப் பயிற்சிக்கு ஆயத்தப்படுத்தவே ஏற்பட்டது. 1932 அக்டோபரில் டேராடூன் இந்திய இராணுவக் கழகம் திறக்கப்பட்டபோது முதல் அணியில் 40 பேர் சேர்ந்தனர். பொதுத்தேர்வு எழுதி வந்தவர் 15 பேர். படை அணிகளிலிருந்து வந்தவரும் 15 பேர். எஞ்சிய 10 பேர் சமஸ்தானப் படைகளைச் சேர்ந்தவர். தேர்வு எழுதி வந்தவர்களில் ஒருவர் சாம் மானெக்‌ஷா. அணியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் முகம்மது மூசா. சாதாரண வீரராகச் சேர்ந்த அவர் பிற்காலத்தில் பாகிஸ்தான் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். ஒரே வகுப்பில் அமர்ந்த இருவரில், எவர் எந்த வாயில் வழியாக வந்தார் என்பது பிறகு எவருக்கும் பொருட்டாகவில்லை.

அந்தப் பழைய கல்லூரியின் வழித்தோன்றலே இன்றைய இராணுவப் பயிற்சியாளர் கல்லூரி, ஏ.சி.சி. என்று படையினர் அனைவரும் அறிந்த பெயர். 1960-இல் புனேயில் இப்பெயருடன் தொடங்கி, 1977-இல் டேராடூனுக்கு மாறியது. குறைந்தது இரண்டு ஆண்டு பணி முடித்த, 12-ஆம் வகுப்புத் தேறிய, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட வீரர் இதற்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வுக்குப் பின் ஐந்து நாள் தேர்வு வாரியம். தென்னகத்து விண்ணப்பதாரர் பலர் அதற்காகப் பெங்களூருவில் உள்ள தேர்வு மையத்துக்குச் செல்வதுண்டு. உளவியல் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றோடு, பலகையும் கயிறும் டிரம்மும் கொடுத்து ஒரு தடையைக் கடக்கச் சொல்லும் குழுப்பணியும் அங்கே உண்டு. நெம்புகோல் பிடித்துப் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தோன்றாது என்று நம்பலாம். தேர்வானவர் மூன்று ஆண்டு பட்டப்படிப்பு முடித்து, ஓராண்டு இந்திய இராணுவக் கழகத்தில் பயிற்சி பெற்று அதிகாரியாகிறார். பட்டம் புது தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்படுகிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்பட்டம் அறிவியல் அல்லது கலைப் பட்டமே. வாகனப் பொறியியல் பட்டம் அன்று. பணிமனையை விட்டு நான்கு ஆண்டு விலகியிருக்க வேண்டும். பின்னர் இ.எம்.இ. பிரிவில் நியமனம் கிடைத்தால், செகந்திராபாத்தில் உள்ள அப்பிரிவின் இராணுவக் கல்லூரியில் தொழில்நுட்பப் பயிற்சி தொடரும். கைவிட்ட தொழிலை வேறொரு உயரத்திலிருந்து மீண்டும் கற்பதாகும் அது. ஒரு டாங்கி பழுதானால் என்ன செய்வது என்பது முன்னைய பாடம். முப்பது டாங்கிகளுள் எவை நாளை ஓடும், எந்த உதிரிப்பாகம் எங்கே தேங்கிக் கிடக்கிறது, எதை முதலில் எடுத்துச் செப்பனிட வேண்டும் என்பது பின்னைய பாடம்.

படைவீரரின் பிள்ளைகளுக்கு வேறொரு வாயிலும் திறந்திருக்கிறது. 12-ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்று, ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுதியவர்கள் தொழில்நுட்ப நுழைவுத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 16½ முதல் 19½ வயதுக்குள் இருக்க வேண்டும். அவர்கள் அதிகாரிப் பயிற்சியையும் பொறியியல் படிப்பையும் ஒருசேரப் பெறுகின்றனர். அத்தகைய மாணவர் பயிலும் மூன்று நிலையங்களில் செகந்திராபாத் கல்லூரியும் ஒன்று. காலையில் அணிவகுப்பும் பகலில் வெப்ப இயக்கவியலுமாகக் கழியும் ஆண்டுகள் அவை.

இவ்விரண்டையும் ஒருசேரக் கற்றவர்களில் உலகம் அறிந்த ஒருவரையும் இங்கே நினைவுகூரலாம். 1945 பிப்ரவரியில், பதினெட்டு வயது இளவரசி எலிசபெத் பிரிட்டன் மகளிர் துணைப்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். ஆல்டர்ஷாட் அருகே வாகனப் பயிற்சி மையத்தில் சக்கரம் மாற்றவும் என்ஜினைப் பிரித்துச் சேர்க்கவும் லாரியும் ஆம்புலன்சும் ஓட்டவும் கற்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவர் அரசியாரானார். மேலாடையில் கிரீஸ் படிவதை இழுக்காகக் கருதும் பெற்றோர் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

ஜி.எஸ்.டி. சாலையின் இரு வாயில்கள்

படையை விட்டு வந்தபின் படித்து, மீண்டும் அதிகாரியாகத் திரும்ப முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. வயது இருந்தால் முடியும். பொறியியல் பட்டம் பெற்றவர்களைக் குறுகியகால அதிகாரிப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப நுழைவில் வயது வரம்பு 20 முதல் 27. ஏற்கப்படும் பாடப்பிரிவுகளில் இயந்திரப் பொறியியலோடு ஒத்ததாக வாகனப் பொறியியலும் இடம்பெறுகிறது. ஒவ்வோர் அறிவிப்பிலும் பாடப்பிரிவும் இடங்களின் எண்ணிக்கையும் மாறக்கூடும். விண்ணப்பிக்கும்முன் அவ்வாண்டு அறிவிப்பைப் படித்தாக வேண்டும்.

இப்பயிற்சியில் சென்னைக்கு நீண்ட தொடர்பு உண்டு. பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963-இல் தொடங்கியது. 1962 போருக்குப்பின் அதிகாரிகள் உடனடியாகத் தேவைப்பட்ட காலம் அது. இன்று ஏறத்தாழ 49 வாரப் பயிற்சி அங்கே அளிக்கப்படுகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கின்றனர். அதே ஜி.எஸ்.டி. சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே, குரோம்பேட்டையில் இருக்கிறது சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம். தொழிலதிபர் சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-இல் நிறுவிய அக்கல்லூரி, தொடக்கத்திலேயே வாகனப் பொறியியலைத் தனிப் பாடமாக வைத்தது. நாட்டில் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அதை இயந்திரப் பொறியியலின் ஒரு கிளையாக மட்டுமே கருதிய காலம் அது.

அங்கே விமானப் பொறியியல் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், விமானப்படை அதிகாரியாக விரும்பி டேராடூன் தேர்வுக்குச் சென்றார். எட்டு இடங்கள் இருந்தன. அவர் பெற்றது ஒன்பதாம் இடம். அதிகாரி வாயில் மூடியபோது தொழில்நுட்ப வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது. கையில் பட்டம் இருந்தமையால்.

ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இவ்வழி உள்ளது. இவ்வேணியைப் பலரும் பாதியிலேயே விட்டுவிடுகின்றனர். வருமானம் நின்றுவிடும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம்.

கற்பதற்கு இப்போது பாடமும் மிகுதி. 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 மாசுத்தர விதி நடைமுறைக்கு வந்தது. நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குத் தாவினோம். டீசல் வண்டியின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி வந்தது. கனரக வாகனங்களில் 32.5 விழுக்காடு யூரியா கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு வந்தது. அக்கரைசல் தீர்ந்தால் வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலியைக் கேட்டே என்ஜினின் நோயைச் சொன்ன மூத்த கைவினைஞரும் இன்று ஸ்கேனர் கருவியைச் செருகி, பிழைக் குறியீட்டைப் படித்தாக வேண்டும். ஸ்டாலியனில் கற்றது வீணாகாது. ஆனால் அது மட்டும் போதாது. படைப்பணியை முடித்து வருபவர் ஓராண்டேனும் வாகனத் தொழில்நுட்பத்தை முறையாகக் கற்பது நல்லது என்று நாம் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

11.71 லட்சம் ரூபாய்

2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் இக்கணக்கு மேலும் நெருக்கமாகிவிட்டது. 17½ முதல் 21 வயதுக்குள் சேரும் அக்னிவீரர் நான்கு ஆண்டு பணியாற்றுகிறார். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இன்றி, சேவா நிதித் தொகுப்பாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வெளியேறுவர். அத்தொகைக்கு வருமான வரி இல்லை. முதல் அணியினர் 2023 தொடக்கத்தில் பயிற்சியைத் தொடங்கினர்; அவர்களின் நான்காண்டு 2026 இறுதியை ஒட்டி நிறைவுறுகிறது.

பணம் கணக்கில் வந்து சேரும் நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்பது நம் கிளைகளில் அமர்ந்திருப்போர் நன்கறிந்ததே. தங்கையின் திருமணம், பழைய கடன், வீட்டுக்கு மாடி, ஒரு புல்லட். எதையும் நாம் குறைகூறவில்லை. குடும்பம் என்றால் இவை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 11.71 லட்சத்துக்கு ஆண்டு வட்டி ஏறத்தாழ 82,000 ரூபாய். மாதத்துக்கு 6,800 ரூபாய்ச் சுற்று. இது ஓய்வூதியம் ஆகாது. இதை வைத்து ஒரு குடும்பம் வாழ இயலாது. அதே தொகை, இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் மூன்று ஆண்டு படிக்கவும் அக்காலத்தில் வீட்டுக்குப் பாரமாகாமல் இருக்கவும் பெரும்பாலும் போதுமானது. முதலைத் தொடாமல் வட்டியை உண்பதைவிட, முதலையே கல்வியாக மாற்றிக்கொள்வது இவ்வயதில் சிறந்தது என்பது நம் கருத்து. வங்கியொன்று இவ்வாறு சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

பணியில் பெற்ற பயிற்சிக்குப் படிப்பில் மதிப்பெண் தரும் ஏற்பாடும் வந்துள்ளது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கென வடிவமைத்த பட்டப்படிப்பில், தேவையான மதிப்பலகுகளில் பாதி படையில் பெற்ற திறன்பயிற்சிக்காக அளிக்கப்படுகிறது. அப்பட்டத்துடன் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதி, பரங்கிமலைக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது 25-ஐத் தாண்டியிருக்கலாகாது. பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து இருபத்து மூன்றில் வெளிவருபவரிடம் எஞ்சியிருப்பது இரண்டு ஆண்டு. பணியிலிருக்கும்போதே படிப்பைத் தொடங்காதவருக்கு அவ்விரண்டு ஆண்டு போதாது.

கிளைக்கு வரும்போது

அதிகாரியாவது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எல்லாரும் விரும்புவதும் அன்று. பதினைந்து ஆண்டுப் பணி முடித்து ஓய்வூதியத்துடன் வருபவர்களே இன்றும் மிகப் பலர். அவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம், பணியின் இறுதிக் காலத்திலேயே தொழிற்பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. வாகனப் பழுதுபார்ப்பும் அவற்றுள் அடங்கும். ஊருக்கு வந்தபின் அறிந்து வருந்துபவர் பலர். ஆதலால் பணியிலிருக்கும் மகனுக்கோ கணவருக்கோ இதை இன்றே எழுதித் தெரிவியுங்கள். மெட்ரிகுலேஷன் தேறி 15 ஆண்டு படைப்பணி முடித்தவரைக் ‘சி’ பிரிவு அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் விதியும் உண்டு. அரசுடைமை வங்கிகளில் எழுத்தர் நிலையில் 14.5 விழுக்காடும் கடைநிலையில் 24.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. கிளை வாயிலில் துப்பாக்கியுடன் நிற்பவரை மட்டுமே நீங்கள் கவனித்திருக்கலாம். கவுண்ட்டருக்குப் பின்னே அமர்ந்து உங்கள் காசோலையைச் சரிபார்ப்பவரும் ஒருகாலத்தில் கன்வாய் லாரி ஓட்டியவராக இருக்கக்கூடும்.

சொந்தமாகப் பணிமனை அமைக்க விரும்புவோர்க்கு முத்ரா திட்டம் பொருந்தும். பிணையம் இன்றி, 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிசோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகளில் கடன் பெறலாம். தருண் கடனைப் பெற்று ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்க்கு 20 லட்சம் வரை நீளும் தருண் பிளஸ் பிரிவு 2024-இல் சேர்க்கப்பட்டது. உயர்கல்வி தொடர விரும்புவோர்க்கு, வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை.

பணிமனைக் கடனுக்கு வரும் முன்னாள் படைவீரர் ஓய்வூதிய ஆணையையும் பணிவிடுவிப்புப் புத்தகத்தையும் தவறாமல் கொண்டுவருகிறார். தொழிற்பிரிவுத் தேர்ச்சிச் சான்றிதழைப் பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வருகிறார். எந்த வாகனங்களில், எந்த நிலை வரை, எத்தனை ஆண்டு பணியாற்றினார் என்பதைச் சொல்லும் தாள் அது ஒன்றே. கம்ப்ரசர், ஹைட்ராலிக் லிஃப்ட், ஸ்கேனர் ஆகியவற்றின் விலைப்புள்ளியும், இடத்தின் வாடகை ஒப்பந்தமும், மும்முனை மின் இணைப்புக்கான விண்ணப்பமும் அத்துடன் சேர்ந்தால் கிளை மேலாளரின் வேலை பாதி முடிந்துவிடும். குண்டலுபேட்டை போன்ற ஊரில் கடை வைப்பவர், எந்தச் சாலையை நோக்கிக் கடை இருக்கிறது என்பதையும் திட்ட அறிக்கையில் எழுத வேண்டும். உதகை வழியில் ஏறும் சுற்றுலாக் கார்களுக்குத் தேவைப்படுவது பிரேக் லைனிங்கும் குளிர்விப்பானும். கோழிக்கோட்டு வழியில் செல்லும் லாரிகளுக்குத் தேவைப்படுவது டயரும் யூரியா கரைசலும் காற்று பிரேக் பராமரிப்பும். இரண்டுக்கும் வேண்டிய கருவி ஒன்றல்ல. கடன் தொகையும் அதற்கேற்ப மாறும்.